கடைசி ரெண்டு விரல்

லே
28.11.2003

மாமாவுக்கு கமலக்கண்ணன் கும்பிட்டு எழுதறது. நான் இங்க நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி எப்படி இருக்கு, அத்தைக்குச் சக்கரை கட்டுல இருக்கா, பூங்கொடி நேரத்துக்குச் சாப்பிடறாளா, எல்லாம் எழுதுங்க.

இதைக் கொண்டுவர்றவர் ஜெபதுரை. ராயக்கோட்டைக்காரர். எங்க ஒர்க்‌ஷாப்ல என்கூடத்தான் மிலிட்டரி வண்டி ரிப்பேர் பாக்கறார். லீவுல வர்றார், ஜனவரி கடைசில திரும்புவார். அவர்கிட்ட ஒரு கோணிப்பை குடுத்திருக்கேன். உள்ள ரெண்டு கையுறை இருக்கும், பாத்துப் பயந்துராதீங்க. இங்க குளிர்ல குளம் கல்லாட்டம் உறைஞ்சிரும். அடில கத்தி வெச்ச பூட்ஸ் போட்டுக்கிட்டு அது மேல ஹாக்கி ஆடறோம். பந்து கிடையாது, ரப்பர் வில்லை. நான் கோல் கீப்பர். இடது கைக்கு வில்லையப் பிடிக்கிற உறை. வலது கைக்கு முதுகுல பலகை வெச்ச உறை, வில்லையத் தடுக்கறதுக்கு. வெளிநாட்டுக்காரங்க ஆடிக் கழிச்சுக் குடுத்த சாமான். இங்க தைக்க ஆளில்ல. லாரி சீட் தைக்கிற உங்க கைக்கு இது ஒரு வேலையே இல்ல.

பிடிக்கிற உறைல உள்ளங்கைத் தோல் கிழிஞ்சிருச்சு. வலை வார் அறுந்துபோச்சு. பலகை தொளதொளன்னு ஆயிருச்சு. அப்புறம், பிடிக்கிற உறைக்குள்ள ஒவ்வொரு விரலுக்கும் ஒரு அறை இருக்கும். அதுல கடைசி ரெண்டு விரல் அறைய ஸ்பாஞ்ச் வெச்சு அடைச்சுத் தெச்சிருங்க. மிச்ச மூணு விரல்லயே உறை மூடற மாதிரி பண்ணிருங்க. இப்ப எல்லாரும் அப்படித்தான் ஆடறாங்க.

பிப்ரவரில கோப்பை ஆட்டம். பெரிய ஆபீசர்ங்க வருவாங்க. மார்ச்ல ஹவில்தார் பிரமோஷன் லிஸ்ட். என் பேரு வரும்னு சொல்றாங்க.

பூங்கொடிகிட்ட இதைக் காட்ட வேணாம். அவளே கம்பெனில நாள் பூரா தெச்சுட்டு வர்றா.

அத்தைக்கும் என் வணக்கம்.
கமலக்கண்ணன்


ஓசூர்
7.12.2003

மாப்ளே,

மாமன் பெரியதம்பி எழுதறேன். முட்டி அப்படியேதான் இருக்கு, வயசானா அதுவும் ஒரு துணை. உங்கத்தைக்குச் சக்கரை நாக்குல இல்ல, ரத்தத்துல ஏறிக்கிச்சு. மத்தபடி சொகம். உன் சொகத்தை நீ ஒரே வரில முடிச்சுட்ட, அது எனக்குப் பத்தல.

உன் ஆளு ஜெபதுரை வந்தாரு. கோணிப்பைய அவுத்தேன். உங்கத்தை எட்டிப் பாத்துட்டு, எந்தப் பொணத்தோட கைடா இதுன்னு கத்திட்டா. பிடிக்கிற உறை ஆமைய மல்லாக்கப் போட்டாப்ல இருக்கு. நாத்தமோ, உங்க ஊர்ல தண்ணி உறையும் சரி, வேர்வை உறையாதாடா? பூங்கொடியக் கட்டினதுக்கப்புறம் மாப்ளைய டா போடக்கூடாதுன்னு உங்கத்தை சொல்லியிருக்கா. அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால காயிதத்துல போட்டுக்கறேன்.

வேலைய ஆரம்பிச்சுட்டேன். தோலுக்கு அலைய வேண்டியதில்ல. சிப்காட்ல வெல்டிங் பண்றவங்க போட்டுக் கழிச்ச கையுறை கடைக்கு மூட்டையா வருது, அதை வெட்டி உள்ளங்கைக்கு வெச்சுட்டேன். நெருப்புக்குத் தாங்குனது பனிக்குத் தாங்காதா. நூலு நம்ம லாரி சீட்டு நைலான்தான், கருப்பு. வீட்டு மெஷின்ல ஏறமாட்டேங்குது, குத்தூசியில ஓட்டை போட்டுக் கையால தைக்கிறேன். நம்ம தையல் கொஞ்சம் கோணலாத்தான் போகும், உனக்கே தெரியும்.

பலகைக்குத்தான் யோசனை. ராயக்கோட்டை மண்டில உடைஞ்ச தக்காளி கிரேட் கெடக்கும். அந்தப் பிளாஸ்டிக்க வெட்டி, அடுப்புல காட்டி வளைச்சு உள்ள சொருகினேன். இனிமே எவன் அடிச்சாலும் தக்காளிதான் தெறிக்கும்.

கடைசி ரெண்டு அறையை மட்டும் இன்னும் தொடல. ஸ்பாஞ்ச வெச்சு அடைச்சுட்டா அந்த ரெண்டு விரலும் எங்கடா போகும்? வெளில நின்னு வேடிக்கை பாக்குமா? இன்னொண்ணு. மத்த மூணு அறையும் உள்ள அழுக்கேறிக் கருகருன்னு இருக்கு. அந்த ரெண்டுல மட்டும் அழுக்கு இல்ல, மருந்து வாசம் அடிக்குது. எழுது.

மாமன்


லே
19.12.2003

மாமாவுக்கு வணக்கம். நல்லா இருக்கேன். எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சு சந்தோசம்.

பழைய கீப்பருக்குத் தோல் வியாதி, அவர் பூசுன மருந்து அது. நீங்க யோசிக்காதீங்க. ஆட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒரு முறை, எனக்கு மூணு விரல் வாட்டம்தான் சரியா வருது. நான் சொன்னபடி அடைச்சிருங்க.

மாமா, கட்டைவிரல் பக்கம் உள்துணிக்குள்ள கந்தத் துணில சுத்தி ஒண்ணு இருக்கும், அனுப்பறப்ப எடுக்க மறந்துட்டேன். பிரிக்காம அப்படியே எடுத்து வெச்சிருங்க. யார்கிட்டயும் குடுக்க வேணாம். ஜெபதுரைகிட்டயும் கேக்க வேணாம், அவருக்கு ஒண்ணும் தெரியாது.

போன் பண்ணச் சொன்னீங்களாம், பூங்கொடி எழுதியிருந்தா. இங்க வரிசைல பின்னாடி நிக்கிறவன் மூச்சு நம்ம காதுல விழும். காயிதமே எழுதுங்க.

கமலக்கண்ணன்


ஓசூர்
1.1.2004

மாப்ளே,

புது வருசத்துல உனக்கு எந்தக் குறையும் வரக்கூடாது. இங்க நான், உங்கத்தை, பூங்கொடி மூணு பேரும் இருக்கோம். சொகம்னு எழுத இந்தத் தடவை கை வரல.

பிரிக்காம வெய்யின்னு நீ எழுதுன காயிதம் லேட்டு. நான் பிரிச்சுட்டேன். உள்துணியப் பிரிக்காம கையுறை தைக்க நான் என்ன மந்திரவாதியா?

உள்ள இருந்தது நான் உனக்குப் போட்ட மோதிரம். மாப்ளை மோதிரம். உன் விரல் மொத்தமா இருக்குன்னு ஆசாரிகிட்ட நின்னு சண்டை போட்டு அளவு மாத்தி வாங்கினது. மண்டபத்துல உன் விரலப் பிடிச்சு நான்தான் ஏத்திவிட்டேன், ஏறவேமாட்டேன்னுச்சு, உங்கம்மா, அதான் என் அக்கா, பக்கத்துல நின்னு சிரிச்சா. அதை எவனோ வெட்டியிருக்கான். கழட்டல, வெட்டியிருக்கான். நசுங்கி வாயைப் பொளந்துக்கிட்டு கெடக்கு.

நல்லா இருக்கற விரல்ல இருந்து யாரும் மோதிரத்தை வெட்டி எடுக்க மாட்டாங்க. பழைய கீப்பருக்குத் தோல் வியாதியாம். மாமன் காதுல பூ வெக்கிறதுக்கு மிலிட்டரில டிரெயினிங் குடுத்தாங்களா?

மோதிரம் என் பொடி டப்பாக்குள்ள இருக்கு. அதை யாரும் தொடமாட்டாங்க, தும்மலுக்குப் பயந்து. பூங்கொடி ரெண்டு தடவை கேட்டுட்டா, ஏம்ப்பா அந்தக் கையுறைய நான் வந்தாலே துணி போட்டு மூடறன்னு. எலி கடிக்கும்மான்னு சொன்னேன். அவ நம்பல.

கையுறை ரெடி. அந்த ரெண்டு அறை மட்டும் பாக்கி. உண்மைய எழுதுனாத்தான் ஊசி எடுப்பேன்.

மாமன்


லே
12.1.2004

மாமாவுக்கு,

உடம்பை விசாரிக்கிற அளவுக்கு மனசு நிக்கல, மன்னிச்சிருங்க.

நவம்பர் மொத வாரம் மலைப்பாதைல ஒரு வண்டி நின்னுருச்சு. கையுறை போட்டுக்கிட்டு சின்ன நட்டைப் பிடிக்க முடியல. கழட்டிட்டு வெறுங்கைல பிடிச்சேன், கை வேற ஈரம். இந்தக் குளிர்ல இரும்பு கையப் பிடிச்சுக்கும் மாமா. சுண்டுவிரலும் மோதிர விரலும் மெழுகுவத்தியாட்டம் வெளுத்துப்போச்சு. அப்புறம் கொப்புளம், வீக்கம். வலது கைல மோதிரம் இருந்தா மட்டை பிடிக்க உறுத்துதுன்னு இடது கைக்கு மாத்தியிருந்தேன். அது சதைக்குள்ள போயிருச்சு. நானே கட்டிங் பிளேயர்ல வெட்டினேன்.

டாக்டர்கிட்ட போகல. போனா மெடிக்கல்ல கீழ எறக்கிருவாங்க. எறக்கிட்டா லிஸ்ட்ல பேரு இருக்காது. பதினோரு வருசமா இதுக்குத்தான் மாமா இந்தக் குளிர்ல கெடக்கேன். ஹவில்தார் ஆயிட்டா குவார்ட்டர்ஸ் கேக்கலாம், பூங்கொடிய கூட்டிக்கிட்டு வரலாம். இங்க எல்லாரும் எந்நேரமும் கையுறைலதான் இருப்போம், யாருக்கும் தெரியல. மருந்து ஒருத்தர் எடுத்துக் குடுக்கறார். சுண்டுவிரல் நுனி கருத்திருக்கு, அவ்வளவுதான். இப்ப வலிகூட இல்ல.

ஆட்டம் மட்டும் முடியட்டும். லிஸ்ட் வந்த மறுநாள் நானே போய்க் காட்டறேன். அடைச்சுத் தெச்சுக் குடுத்துருங்க மாமா. நீங்க குடுக்கலைன்னா வெறும் உறையோட நிப்பேன்.

பூங்கொடிக்குச் சொன்னீங்கன்னா உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்.

கமலக்கண்ணன்


ஓசூர்
25.1.2004

மாப்ளே,

இது ஜெபதுரை கையில வருது, கையுறையும் கூட வருது.

வலி இல்லைன்னு எழுதியிருக்க. அந்த வரிதான் என்னைத் தூங்க விடல. எனக்குப் பல்லு போனப்பகூட வலிச்சுத்தான் போச்சு. வலிக்காம போறது எதுவும் நல்லதுக்கில்ல மாப்ளே.

உங்க ஆபீசருக்கு ஒரு காயிதம் போடலாம்னு உக்காந்தேன். அஞ்சாங்கிளாஸ் படிச்சவன், தமிழ்ல எழுதினா அங்க எவன் படிப்பான்? அதுவும் இல்லாம நீ பதினோரு வருசம்னு எழுதினது கண்ணு முன்னால நின்னுச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்.

அடைச்சுட்டேன். ரெண்டு அறையிலயும் லாரி சீட்டு ஸ்பாஞ்ச் வெச்சு, வாயை கருப்பு நூல்ல கட்டிட்டேன். கட்டைவிரல் பக்கம் கிரேட் துண்டு ஒண்ணு விறைப்பா நிக்கும், மூணு விரல்ல அமுக்குனா உறை மூடிக்கும். நானே போட்டுப் பாத்தேன். உங்கத்தை சொம்பை எறிஞ்சா, பிடிச்சுட்டேன். ரெண்டாவது சொம்பு நெத்தில பட்டுச்சு, அதைச் சொல்லல.

மோதிரம் டப்பாவுலயே இருக்கட்டும். பூங்கொடிக்கு ரெண்டு நாளா பல்வலியாம், பொடி வெச்சா அடங்கும்னு டப்பாவைக் கேட்டா. நானே ஒரு சிட்டிகை எடுத்துக் குடுத்தேன். இன்னிக்குக் கம்பெனிக்கு லீவு போட்டுட்டா. நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள கோணிப்பைய அவளே கட்டிக் குடுத்துட்டாளாம், ஜெபதுரையும் வாங்கிட்டுக் கிளம்பிட்டாரு. இந்தக் காயிதத்தை பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப் போய்த்தான் குடுக்கணும்.

ஆட்டம் முடிஞ்ச அன்னிக்கே டாக்டர்கிட்ட போ. லிஸ்ட்டு கிஸ்ட்டுன்னு இருக்காத. மாமன் உன்கிட்ட கெஞ்சுனதே இல்ல, இப்ப கெஞ்சறேன்.

பெரியதம்பி


மிலிட்டரி ஆஸ்பத்திரி, லே
20.2.2004

பெரியதம்பி அவர்களுக்கு,

சந்தோசமா? உங்க விளையாட்டுப் புத்தியக் காட்டிட்டீங்க.

ஜெபதுரை நேரா ஆட்டம் நடக்கற குளத்துக்கே வந்துட்டார். எங்க டீமைப் பாத்துக்கற சுபேதார் சாப், பசங்க எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. பைய அவுத்தா, பிடிக்கிற உறையோட வாயை வெள்ளை நூல்ல நெருக்கித் தெச்சு மூடியிருக்கு. கையே நுழையாது. எல்லாரும் சிரிக்கறாங்க. உங்க ஊர்ல உறைய இப்படித்தான் தெப்பாங்களான்னு கேட்டுக்கிட்டே சாப் கத்தியெடுத்து அறுத்தார். உள்ள இருந்து மோதிரம் விழுந்துச்சு. பனி மேல உருண்டு போய் அவர் பூட்ஸ்கிட்ட நின்னுச்சு.

எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தார். வெட்டுன இடத்தைப் பாத்தார். உறைக்குள்ள விரல் விட்டுப் பாத்தார், கடைசி ரெண்டு அறையும் அடைச்சிருக்கு. உன் கையக் காட்டுன்னார். எல்லாரும் பாக்க கழட்டினேன்.

அன்னிக்கு வேற ஆளை நிறுத்தி ஆடினாங்க, தோத்துட்டாங்க. என்னை ஜீப்ல ஏத்தி இங்க கொண்டாந்து போட்டுட்டாங்க. மெடிக்கல்ல எறக்கியாச்சு. மறைச்சதுக்குத் தனியா விசாரணை.

உங்களை நம்பிச் சொன்னேன். ஒரு வார்த்தை எழுதாம, ஒரு தையல் போட்டே என்னைக் காட்டிக் குடுத்துட்டீங்க. இனி எழுதாதீங்க.

கமலக்கண்ணன்


ஓசூர்
3.3.2004

மாப்ளே,

எழுதாதன்னு சொன்ன. மாமன் என்னிக்கு உன் பேச்சைக் கேட்டான்.

நல்லாத் திட்டியிருக்க. பெரியதம்பி அவர்களுக்குன்னு போட்ட பாரு, அதுக்கு ஒரு அறை விட்டிருக்கலாம். ஆனா ஆளு மாறிப்போச்சு. என் நூலு கருப்பு. வெள்ளை நூலு இந்த வீட்டுல ஒருத்திகிட்டதான் இருக்கு. நெருக்கித் தெச்சிருந்துச்சுன்னு எழுதியிருக்க, என் ஜென்மத்துல நான் நெருக்கித் தெச்சதில்ல. நான் உனக்குப் பயந்து அடைச்சுக் குடுத்த கோழை மாப்ளே. உன் காயிதம் வந்தப்பறம்தான் டப்பாவத் தொறந்து பாத்தேன், பொடி மட்டும் இருந்துச்சு.

காயிதத்தை அவகிட்டயே குடுத்துட்டேன். படிச்சா. அழுவான்னு பாத்தேன், பேனாவக் குடுங்கறா. கீழ அவ எழுதறா.

மாமா, பூங்கொடி எழுதறேன். எங்கப்பாவைத் திட்டாதீங்க. பல்வலி எனக்கு வரல, டப்பாவைக் கையில குடுக்காம அப்பா சிட்டிகை மட்டும் குடுத்தப்பவே அதுல என்னமோ இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. டப்பாவுல வெட்டுன மோதிரம், உறைல அடைச்ச ரெண்டு விரலு. சேத்துப் பாக்க எனக்குப் பெரிய படிப்பா வேணும்? உங்ககிட்ட கேட்டிருந்தா என்னையும் சமாதானம் பண்ணியிருப்பீங்க, நானும் ஆயிருப்பேன். அதான் கேக்கல. ஹவில்தார் பொண்டாட்டி ஆகணும்னு நான் எப்ப சொன்னேன்? குவார்ட்டர்ஸ் நான் கேட்டேனா? வாசப்படி மிதிக்க மாட்டேன்னு அப்பாவுக்கு எழுதியிருந்தீங்களாம். மிதிக்க வேணாம். ஆனா கை எப்படி இருக்குன்னு எழுதுங்க. அதுக்கு மட்டும் பதில் போடுங்க.


ஓசூர்
9.4.2004

மாப்ளே,

இது நாலாவது காயிதம். மூணுக்குப் பதில் இல்ல. சொகமான்னு கேட்டுக் கேட்டு எனக்கே சலிச்சுப்போச்சு.

நம்ம தபால்காரர் திம்மராயன் இப்பெல்லாம் நம்ம வீட்டைக் கண்டாலே தலையக் குனிஞ்சுக்கிட்டு சைக்கிளை வேகமா மிதிக்கிறாரு, கடன்காரன் மாதிரி. நேத்து நிறுத்திப் பிடிச்சேன். "தாத்தா, காகிதா இல்ல, நான் என்ன மாடலி?"ன்னு, என்ன செய்யட்டும்ங்கறதைக் கன்னடத்துல கலந்து கேட்டுக் கையை விரிச்சுட்டாரு. உள்ளங்கைய விரிச்சுக் காட்டவும் எனக்கு உன் கை ஞாபகம் வந்துருச்சு.

உங்கத்தை ஜவளகிரிப் பக்கம் ஒரு கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டிருக்கா. என்ன நேர்ந்தன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. பூங்கொடி கம்பெனிக்குப் போறா, வர்றா. வந்ததும் டிவி மேல பாக்கறா, அங்கதான் தபால் வெப்போம். பாத்துட்டு சோத்துக்கு உலை வெக்கப் போயிருவா. ராத்திரி சாப்புடும்போது எடது கைய மடியில வெச்சு விரல் விரலா அமுக்கிப் பாத்துக்கறா.

என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது. பெரியதம்பி அவர்களுக்குன்னே போடு, பரவால்ல.

மாமன்


லே
26.4.2004

மாமாவுக்கு,

லிஸ்ட் வந்துருச்சு. என் பேரு இல்ல. ஜெபதுரை பேரு இருக்கு, வந்து எதிர்ல நின்னுட்டுப் போயிட்டார்.

எழுத மனசு வரல. கோவம் ஒண்ணு. அப்புறம் கோவம் போயிருச்சு, அப்பவும் என்ன எழுதறதுன்னு தெரியல.

சுண்டுவிரலை எடுத்துட்டாங்க. கட்டுப் பிரிக்கிற அன்னிக்கு டாக்டரம்மா சொன்னாங்க, இன்னும் கொஞ்ச நாள் மறைச்சிருந்தா மணிக்கட்டோட வெட்டி எடுத்திருப்போம்னு. சுபேதார் சாப் வெளில நின்னுக்கிட்டிருந்தார். உள்ள வந்து மோதிரத்தை என் சட்டைப் பையில போட்டுட்டு, அந்தத் தையல் யார் போட்டதுன்னு கேட்டார். என் சம்சாரம்னு சொன்னேன். அவங்களை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புய்யான்னு சிரிச்சார்.

அடுத்த மாசம் பெங்களூர் டிப்போவுக்கு மாத்தறாங்க. இனி பனிக்கு விடுவாங்களோ மாட்டாங்களோ, ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பாப்பாங்களாம். கையுறைய டீம்ல எனக்கே குடுத்துட்டாங்க, வேற யாருக்கும் ஆகாதாம். பலகைல இருக்கற தக்காளி கிரேட்டை மட்டும் எல்லாரும் பாராட்டினாங்க.

உறையை பார்சல் போட்டிருக்கேன். திரும்பத் தெச்சுக் குடுங்க. அளவுக்கு எடது கைய காயிதத்துல வெச்சு சுத்தி வரைஞ்சு இதுகூட வெச்சிருக்கேன். சுண்டுவிரல் அறை அடைச்சபடியே இருக்கட்டும். மோதிர விரல் அறைல இருக்கற ஸ்பாஞ்ச எடுத்துருங்க மாமா. அந்த விரல் இருக்கு.

பூங்கொடிகிட்ட
 
இதுக்கு மேல எழுத வரல. நீங்களே சொல்லிருங்க.

கமலக்கண்ணன்


ஓசூர்
8.5.2004

மாப்ளே,

பார்சலு வந்துருச்சு, காயிதமும் வந்துருச்சு. எல்லாரும் சொகம். இந்தத் தடவை நெசமாவே எழுதறேன்.

மோதிர விரல் அறைல ஸ்பாஞ்ச உருவி எறிஞ்சுட்டேன். ஆனா மேக்கொண்டு வேலை ஓடாது. உள்ளங்கை வெட்ட அளவு வேணும். நீ வரைஞ்சு அனுப்புன காயிதம் என்கிட்ட இல்ல. டிவி மேல வெச்சிருந்தேன், பூங்கொடி கம்பெனில இருந்து வந்தா, எடுத்துக்கிட்டு உள்ள போனா, கதவைச் சாத்திக்கிட்டா. அளவு வேணும்மான்னு தட்டினேன். கெடையாதுன்னுட்டா. மறுநாளும் கேட்டேன். அப்பா, ஊசிய எடுத்துக்கிட்டுப் போ, இது என்கிட்டயே இருக்கட்டும்னா.

இன்னொண்ணு வரைஞ்சு அனுப்பாத. அதையும் அவ எடுத்துக்குவா. பெங்களூர்ல இருந்து ஓசூருக்கு பஸ்ஸு ஓயாம ஓடுது. கையவே கொண்டாந்துரு.

மாமன் பெரியதம்பி